பி என்கிற மண்ணச்சநல்லூர் மில்

அந்த வீடியோ கேமில் ஒரு ஊர் வரும். அதற்குப் பெயர் கிடையாது. ஏதோ ஒரு பாலைவனத்தின் ஓரத்தில் தண்ணீர் இல்லாத ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பாலம், உயரமான ஒரு தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி வைத்த பெரிய கிடங்கு, நடுத்தெருவில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பஸ், நீலக் கதவு போட்ட ஒரு சின்ன வீடு. ஊர் இவ்வளவுதான். அங்கே குடியிருக்கிறவர்கள் யாரையும் யாரும் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் துப்பாக்கியோடு வருவார்கள். சுட்டுக்கொள்வார்கள். இரண்டரை நிமிடத்தில் எல்லாம் முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஊர் உலகமெல்லாம் ராத்திரி பகலாக இதை ஆடுகிறது. ஆடுகிறவர்களில் ஒருத்தருக்காவது இந்தப் பாவப்பட்ட ஊருக்கு ஒரு பெயர் வைப்போமே என்று தோன்றியதா என்றால், இல்லை. ஸ்ரீரங்கத்து இளவேனிலுக்குத்தான் தோன்றியது.

இளவேனிலுக்கு வயது இருபத்தேழு. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை. "வெறும் வயித்துல வந்திருக்கீங்களா, தண்ணி நிறையக் குடிச்சீங்களா, அடக்கிக்கிட்டு உக்காந்திருங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிற வேலை. அந்த வாய் சனி ஞாயிறுகளில் வேறு காரியம் பார்த்தது. வீடியோ கேம் போட்டிகளில் தமிழில் வர்ணனை. மற்றவர்கள் எல்லாம் இங்கிலீஷில் கேட்டதையே திருப்பித் தமிழ் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் ஒரு நாள், வாய்க்கு வந்தபடி, காய்ந்த ஆற்றைக் கொள்ளிடம் என்றாள். கூட்டம் சிரித்தது. பிறகு விடுவாளா? தண்ணீர்த் தொட்டி மலைக்கோட்டை ஆனது. கவிழ்ந்த பஸ் கிடக்கும் தெரு சத்திரம் ஆனது. புகைபோக்கிக் கிடங்கு மண்ணச்சநல்லூர் மில். நீலக் கதவு வீட்டுக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு சந்துக்குள் அவள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கும் நீலக் கதவுதான். "எங்க வீடு" என்றாள். அதுவே நின்றுவிட்டது.

"கொள்ளிடத்துல இறங்கிட்டாங்க, தண்ணி இல்ல, தைரியமாப் போகலாம். ரெண்டு பேரு மலைக்கோட்டை மேல ஏறிட்டாங்க, சாமி கும்பிடப் போகல. சத்திரத்துல ஒருத்தரு பஸ்ஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்காரு. அண்ணே, அந்த பஸ் இப்போதைக்குக் கிளம்பாதுங்க." இப்படி மூச்சு விடாமல் பேசுவாள். பார்க்கிற பையன்கள் மண்டபம் அதிரக் கத்துவார்கள்.

இந்த மூச்சு அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. ராசப்பன் சத்திரத்திலிருந்து தொட்டியம் போகும் தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். ஸ்டாப் பேர்களை அவர் சொன்னால் தூங்குகிறவன்கூட மூட்டையோடு எழுந்து நிற்பான். மகள் பேசும் வர்ணனையைச் செல்போனில் கேட்பார். விளையாட்டு அவருக்கு ஒரு எழவும் புரியாது. ஆனால் ஒரு குறை மட்டும் எப்போதும் உண்டு. "மலைக்கோட்டை தாண்டுன உடனே மில்லு எப்படி பாப்பா வரும்? நடுவுல பாலம் என்ன ஆச்சு?" என்பார்.

அவர் வேலையை விட்ட கதையும் இதே ரகம்தான். ஒரு நாள் முசிறி வரும்போது வாய் தவறி "தொட்டியம், தொட்டியம்" என்றுவிட்டார். தொட்டியம் போக வேண்டிய வாழைக்காய் வியாபாரி பவுனம்மாள் அரைத் தூக்கத்தில் கூடையோடு இறங்கிவிட்டாள். பஸ் கிளம்பிய பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை, பவுனம்மாள்கூடத் திட்டவில்லை. மறுநாள் காலையில் பையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "ஸ்டாப் பேரு மறந்து போற கண்டக்டரு பஸ்ல நிக்கக் கூடாது. நம்மள நம்பித்தான் ஜனங்க தூங்குது" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ராணுவத்திலிருந்து போன் வந்தது.

"ராணுவத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ராசப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் ஆள் சேர்க்க மைதானத்தில் பேண்டு வாசித்தார்கள், பள்ளிக்கூடத்தில் படம் காட்டினார்கள். இப்போது பையன்கள் மைதானத்துக்கு வருவதில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு ராணுவம் வரவேண்டியிருக்கிறது. அதற்காகவே ஒரு குழு அமைத்துத் தமிழ்நாட்டில் பன்னிரண்டு ஊர்களில் போட்டி நடத்தப்போகிறார்கள். முதல் ஊர் திருச்சி. தமிழில் பேச ஒரு ஆள் வேண்டும். திருச்சியில் நடக்கும் மூன்று நாளும் இளவேனில் பேசுவாள். பிடித்திருந்தால் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம், மற்றப் பதினோரு ஊருக்கும் அவள் குரல்தான்.

இளவேனில் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. நாலு வருஷமாக இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். பேசுகிறதே வேலையாக இருக்க வேண்டும், ஸ்கேன் சென்டர் நாற்காலியில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும், இனி யாருடைய சிறுநீரைப் பற்றியும் தான் விசாரிக்கக் கூடாது. வேறு பெரிய ஆசை அவளுக்கு இல்லை.

போட்டி ஒரு கல்லூரி அரங்கத்தில். வெளியே பந்தல் போட்டுத் துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பையன்களும் பெண்களும் வரிசையில் நின்று கையில் வாங்கிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மேஜையில் படைகளில் சேருவது எப்படி என்ற கையேடு. குழுவுக்குத் தலைவர் மேஜர் மார்ட்டின். நாற்பது வயது, நல்ல தமிழ், சத்தம் போடாத குரல். மேடையில் ஏறியதும் முதலில் சொன்னது இது: "இதுல ஜெயிச்சா வேலை கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுக்கு ஓடணும், பரீட்சை எழுதணும், அது தனி. இன்னைக்கு நாம ஒருத்தரை ஒருத்தர் பழகிக்கிறோம், அவ்வளவுதான்." இளவேனிலுக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போனது.

முதல் நாள் அரங்கம் அவள் கையில் இருந்தது. சாயங்காலம் எல்லாரும் கலைந்த பிறகு மேஜர் இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிரமாதமாப் பேசுறீங்க மேடம். ஒரே ஒரு விஷயம். அந்த ஊர் பேரெல்லாம் வேண்டாம். எங்க மேப்புல இருக்கிற மாதிரி தண்ணித் தொட்டிக்கு ஏ, கிடங்குக்கு பி, நீலக் கதவு வீட்டுக்கு சி. அதையே சொல்லிடுங்க."

"பசங்களுக்குப் பிடிச்சிருக்கே சார்."

"பிடிச்சிருக்கு, எனக்கே பிடிச்சிருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. யூனிஃபார்ம் போட்டவங்க நடத்துற போட்டி. அதுல மலைக்கோட்டையைச் சுடுறோம், மண்ணச்சநல்லூர் மில்லுல குண்டு போடுறோம்னு மைக்ல வருது. அதை மட்டும் யாராவது வீடியோவுல வெட்டி வெளிய போட்டா நான் எங்க போய் நிக்கிறது?"

அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்காதே. "நிஜமாப் போற இடத்துலயும் ஏ, பி, சி தானா சார்? அங்க இருக்கிறவங்க அதுக்கு ஒரு பேரு வச்சிருப்பாங்கல்ல?"

மேஜர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். "வச்சிருப்பாங்க. அது எனக்குத் தெரியும் மேடம். ஆனா இருபது வயசுப் பையனை அனுப்பும்போது நான் அவன்கிட்ட எழுத்தைத்தான் சொல்லணும். பேரைச் சொன்னா அவன் அரை செகண்டு யோசிப்பான். அந்த அரை செகண்டுல அவன் வீட்டுக்குத் திரும்பாமப் போயிடலாம்."

இளவேனில் தன் டீயைக் கீழே வைத்தாள். "சரிங்க சார்" என்றாள். அவர் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

இரண்டாம் நாள் ஒரு தாளில் ஏ, பி, சி என்று பெரிதாக எழுதி மைக்குக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு பேசினாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. இரண்டு இடத்தில் மலை என்று ஆரம்பித்து ஏ என்று முடித்தாள். பையன்கள் கேலி செய்தார்கள். எப்படியோ பகலைத் தள்ளிவிட்டாள்.

மூன்றாம் நாள் இறுதிப் போட்டி. ஒரு அணிக்குத் தலைவன் பூவரசன், பி.எஸ்ஸி. கடைசி வருஷம், சொந்த ஊர் மண்ணச்சநல்லூர். அவன் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அணியும் சமம். கடைசி ஆட்டம். பூவரசனின் அணியில் அவனைத் தவிர எல்லாரும் விழுந்தாயிற்று. எதிரணியில் மீதி இரண்டு பேர், இரண்டு பேரும் கிடங்குக்குள். அவன் ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டான். கையில் ஒரு குண்டு. நேரம் எட்டு விநாடி. ஜன்னல் வழியாகப் போட்டால் கோப்பை அவனுடையது.

மைக்குக்கு முன்னால் ஒட்டிய தாள் அங்கேயேதான் இருந்தது. இளவேனிலின் கண் அதில் இல்லை. "இது போதும் பூவரசா! மண்ணச்சநல்லூர்க்காரன் கையில மண்ணச்சநல்லூர் மில்லு!" என்றுவிட்டாள்.

முதல் இரண்டு வரிசையும் எழுந்தது. "மில்லு, மில்லு" என்று ஒரே கத்தல். காதில் ஹெட்போன் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்காமல் இருக்காது. பூவரசனுக்குக் கேட்டது. பெரிய திரையில் அவனுடைய வீரன் குண்டைப் பிடித்த கையை ஓங்கியபடி ஜன்னலுக்குக் கீழே நின்றான். நின்றுகொண்டே இருந்தான். ஐந்து, நாலு, மூன்று. மணி அடித்தது. எதிரணி ஜெயித்தது.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கை வழுக்கிவிட்டது, கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மேஜர் பரிசு கொடுத்தார், சிரித்தார், கைகுலுக்கினார். இளவேனிலை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பூவரசன் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த அவளிடம் நேராக வந்தான்.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"மன்னிச்சுக்கப்பா. வாய் வழக்கத்துல வந்துடுச்சு."

"எங்கம்மா எங்க ஊரு அரிசி மில்லுலதான் வேலை பாக்குறாங்க. அவிச்ச நெல்லு காயப் போடுற வேலை. இந்நேரம் சாப்பிட்டுட்டு அந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் எல்லாரும் படுத்திருப்பாங்க." சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. "அது கேம்னு எனக்குத் தெரியாதா? ஆனா கை போகலைக்கா."

இளவேனில் அவன் தோளைத் தொடப் போனாள். அவன் விலகிக்கொண்டான்.

"அடுத்த தடவையாவது ஏ, பி-ன்னே சொல்லுங்க. எங்களுக்கு ஜெயிக்கணும்க்கா" என்றான்.

அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. மேஜர் சொன்னபோது அது ஒரு மேலதிகாரி சொன்னதாக இருந்தது. இந்தப் பையன் சொன்னபோது தன்னால் ஒருத்தன் தோற்றுப் போனான் என்பது மட்டுமே மண்டையில் நின்றது. தன் சிரிப்புக்காக, தன் கைதட்டலுக்காக வைத்த பெயர்கள்தானே அவையெல்லாம் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

போன ஒப்பந்தம் போனதுதான் என்று நினைத்திருந்தாள். ஆனால் மேஜர் நாலாம் நாள் போன் செய்தார். பத்து நாள் தருகிறேன், பழைய ஆட்டங்களின் வீடியோ தருகிறேன், எழுத்து மட்டும் சொல்லிப் பேசிக் காட்டுங்கள் என்றார். இன்னொரு ஆளைத் தேட அவருக்கும் மனமில்லை.

இளவேனில் பழகினாள். காலையில் பல் தேய்க்கும்போது ஏ, பி, சி. ஸ்கேன் சென்டரில் கூட்டம் குறைந்த நேரத்தில் முணுமுணுப்பாக ஏ, பி, சி. மலைக்கோட்டை என்று நாக்கு போனால் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிக்கொள்வாள். ஐந்தாம் நாள் கிள்ள வேண்டியிருக்கவில்லை. சொல்லப்போனால் அவளுக்கே பிடிக்க ஆரம்பித்தது. பெயர் சொல்ல ஆகிற நேரம் மிச்சமாகி ஆட்டத்தோடு சேர்ந்தே பேச முடிந்தது. "ஏ-ல ரெண்டு பேர், பி காலி, சி-க்குப் போறாங்க, சி முடிஞ்சது." சுத்தமாக, வேகமாக, எங்கும் இடறாமல்.

பத்தாம் நாள் சாயங்காலம் ஊருக்குள் ஒரு ஓட்டல் அறையில் மேஜருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் பேசிக் காட்டினாள். நாற்பது நிமிடம். ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. மேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார். ஒப்பந்தத் தாள் தயாராகவே இருந்தது. வீட்டில் அப்பாவிடம் காட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுத்தால் போதும் என்றார்.

அவள் அப்பாவுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: கிடைச்சிடுச்சுப்பா. பிறகு சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள். ஜன்னல் சீட்டும் கிடைத்தது. அன்றைக்கு எல்லாமே கிடைக்கிற நாளாக இருந்தது.

பஸ் பாலத்தில் ஏறி நெரிசலில் நின்றது. சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடியது. திரும்பிப் பார்த்தாள். அந்த உச்சியில் இரண்டு பேர் இருந்தால் போதும், பாலம் முழுக்கத் தெரியும், ஒரு வண்டியும் தப்பாது என்று தோன்றியது. தோன்றியதைக் கவனிக்கக்கூட இல்லை. மடியில் தாளைப் பத்திரமாகப் பிடித்திருந்தாள். செல்போன் அடித்தது.

"எங்க பாப்பா வந்துக்கிட்டு இருக்க? கேசரி கிண்டி வச்சிருக்கேன், ஆறிடும்."

"ஏ தாண்டிட்டேன்பா. பாலத்துல டிராஃபிக். பத்து நிமிஷத்துல சி வந்துடுவேன்."

"எங்க வருவ?"

"சி-ப்பா." ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னாள். "சி."

"சத்திரத்துல இருந்து முப்பது வருஷம் அந்தப் பாலத்து மேல போயிருக்கேன்" என்றார் ராசப்பன். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார். "அப்படி ஒரு ஸ்டாப் கிடையாதே பாப்பா."

இளவேனில் வாயைத் திறந்தாள். அம்மா மண்டபம் என்று சொல்ல வேண்டும். அது வந்தது, ஆனால் தேடிப் பிடித்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. தினமும் இறங்குகிற ஸ்டாப். அப்போதுதான், சற்று முன்பு தான் எதைத் திரும்பிப் பார்த்தோம், பார்த்து என்ன நினைத்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. உச்சியில் விளக்குப் போட்டிருந்தார்கள். சின்ன வயசில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து படி ஏறிய இடம். அதன் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் சொன்னாள். அவளுக்குப் பயமாக இருந்தது, வாழ்க்கையில் அவள் அவ்வளவு பயப்பட்டதில்லை. நீலக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேசரியோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிற வீட்டை, சி முடிஞ்சது என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆறு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது ராசப்பன் கண்ணாடி போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். சட்டைகூட மாற்றியிருந்தார். மேஜைமேல் புதுப் பேனா ஒன்று இருந்தது, கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டைக்கூட எடுக்கவில்லை.

"இதுக்குன்னே வாங்கிட்டு வந்தேன். எங்க போடணும் கையெழுத்து, காட்டு" என்றார்.

அவள் தாளை மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை.

"வேணாம்ப்பா."

"ஏன், எதுவும் தப்பா எழுதியிருக்காங்களா?"

"தப்பு ஒண்ணும் இல்ல. நல்லவங்கதான்." தாளை அவர் பக்கம் தள்ளினாள். "எனக்கு ஸ்டாப் பேரெல்லாம் மறந்து போகுதுப்பா."

ராசப்பன் கண்ணாடியைக் கழற்றினார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேசரியைச் சூடு பண்ண எழுந்து போனார்.